இடுப்புக்கு மூன்று மிதி

‘மடக்!’

கத்தரிக்கோல்தான் தரையில் விழுந்துவிட்டது என்று கஸ்தூரி நினைத்தாள். ஆனால் கத்தரிக்கோல் கையில் இருந்தது. அடுப்படியில் ஏதாவது உருண்டிருக்குமோ என்று திரும்பப் போனாள். தலை திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. அப்போதுதான் விளங்கியது. சத்தம் போட்டது அவளுடைய இடுப்பு.

எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூடத்துத் தரையில் விரிந்து கிடந்த ஒட்டுப்போர்வையின் நடுவே இரண்டு கையையும் ஊன்றி, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கப் போகும் பசுமாடு மாதிரி நின்றாள். நெற்றியில் வேர்த்தது.

வாசல் கதவு திறந்தது. அடுத்த வீட்டு மும்தாஜ் பேகம், கையில் ஒரு மஞ்சள் பையோடு உள்ளே வந்தாள்.

“என்ன தேடுற கஸ்தூரி? ஊசி விழுந்துருச்சா?”

“ஊசி இல்லக்கா. இடுப்பு விழுந்துருச்சு.”

“ஆத்தி!” என்று பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள் மும்தாஜ். “அப்படியே இரு, அசையாத. என் தோளப் பிடி. மெதுவா... மெதுவாங்குறேன்ல!”

கூடத்தின் மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டிலுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. கட்டிலில் சாய்ந்ததும் கஸ்தூரி கேட்ட முதல் கேள்வி, “ஊசிய எடுத்துட்டீகளா? போர்வையிலேயே கிடக்கும், யார் கால்லயாவது ஏறிரும்” என்பதுதான்.

“இடுப்பு ஒடிஞ்சு கிடக்குறா, ஊசியப் பத்திக் கேக்குறா பாரு” என்று மும்தாஜ் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த மஞ்சள் பைக்குள் இருந்தது துண்டுத் துணி. மும்தாஜின் வீட்டுக்காரர் அப்துல் ரவூபுக்கு அருப்புக்கோட்டை பஜாரில் தையல் கடை. சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டெல்லாம் வாரா வாரம் கஸ்தூரியிடம் வந்து சேரும். அவள் அதைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, முக்கோணமும் சதுரமுமாக வெட்டி, நிறம் பார்த்து ஒன்றோடொன்று இணைப்பாள். அடியில் ஒரு பழைய நூல் சேலை, நடுவில் இன்னொன்று, மேலே இந்த ஒட்டுத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கையாலேயே பொடித் தையல் போட்டு முடித்தால் அதுதான் ஒட்டுப்போர்வை.

ஒரு வாரப் பத்திரிகையின் கைவேலைப் பக்கத்தில் படம் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம். மகன் மதுரையில் ஹாஸ்டலுக்குப் போனபின் பகல் முழுக்க வீடு சும்மா கிடந்தது. போர்வை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது.

அவள் புருசன் சங்கரபாண்டியனுக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற மனிதர். மனைவியின் கலையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

“ஆடியிலயும் அக்கினி வெயில் அடிக்கிற ஊரு. இங்க எவனுக்குடி போர்வை?”

“யாருக்கும் இல்ல.”

“பிறகு என்னத்துக்குத் தைக்கிற?”

“தைக்கிறதுக்குத்தான்.”

இந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் இரும்புக் கடையில் கிடையாது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆனால் இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டதும் அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

டாக்டர் ஊசி போட்டார். மாத்திரை எழுதினார். தரையில் உட்காரக் கூடாது, குனியக் கூடாது, ஓய்வு எடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது மூன்றே விஷயம். ரிக்‌ஷாவில் வீடு வந்து சேர்வதற்குள் சங்கரபாண்டியன் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

“இனிமே அந்தக் கந்தல் மூட்டை இந்த வீட்ல இருக்கக் கூடாது.”

“டாக்டர் அப்படியா சொன்னாரு?”

“அவரு சொல்ல மறந்துட்டாரு, நான் சொல்றேன். நாள் பூராம் நாத்து நடுறவ மாதிரி குனிஞ்சு கிடந்தா இடுப்பு என்னத்துக்காகும்? இப்படியா உடம்ப வருத்துறது?”

கஸ்தூரி பதிலுக்கு வாயைத் திறந்தாள். பேசினால் வலித்தது.

அவரே கூடத்துக் கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்தார். தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு வைத்தார். மின்விசிறியைத் திருப்பிவிட்டார். எல்லாம் செய்துவிட்டு, விரித்துக் கிடந்த போர்வையையும் துணிப் பைகளையும் ஒன்றாகச் சுருட்டிப் பரணில் ஏற்றினார்.

ஓய்வு ஆரம்பமானது. ஓய்வு எடுக்க எடுக்க வலி கூடியது.

காலையில் எழுந்திருக்கும்போதுதான் மோசம். உடம்பை ஒரு பக்கமாக உருட்டி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து எழவேண்டும். தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சித் தேய்த்தாள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். நொச்சி இலை போட்ட வெந்நீரில் குளித்தாள். வீடு முழுக்க ஒரு மருத்துவச்சியின் வாசம் வந்ததே தவிர வலி போகவில்லை.

வலியை விடக் கொடுமை, கை சும்மா இருந்ததுதான்.

புருசன் கடைக்குப் போனதும், துணி உலர்த்துகிற நீளக் குச்சியால் பரணிலிருந்து போர்வையை மெல்ல இழுத்துக் கீழே தள்ளினாள். தரையில் உட்காரக் கூடாது, அவ்வளவுதானே? மல்லாந்து படுத்துக்கொண்டு தைத்துப் பார்த்தாள். ஊசி கைதவறி மூக்கின் மேல் விழுந்தது. ஒருக்களித்துப் படுத்துத் தைத்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. போர்வையை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு நின்றபடி தைத்தாள். காற்றில் அது பாய்மரம் மாதிரி புடைத்து முகத்தில் அறைந்தது, தெருவில் போன பால்காரர், “என்னக்கா, புதுத் திரையா? பெருசா இருக்கே!” என்று கேட்டுவிட்டுப் போனார். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் போர்வையின் பாரம் முழுவதும் விழுந்து இடுப்பை முன்னுக்கு இழுத்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கரபாண்டியன் ஏதோ சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வாசலிலேயே நின்றார். மனைவியையும், மடியில் கிடந்த போர்வையையும், ஆடிக்கொண்டிருந்த பரண் கதவையும் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் கஸ்தூரிக்குப் பயமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை பாத்திரக்காரன் நம்ம தெருவுக்கு வருவான்ல? அதுக்குள்ள ஒன் இடுப்பு நேரா நின்னா மூட்டை வீட்ல இருக்கட்டும். இல்லைன்னா அத்தனையையும் அவன்ட்டக் குடுத்துட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிர வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு, மூட்டையை மறுபடி பரணில் ஏற்றினார்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற ஆள் அவன். அவனுடைய சைக்கிளில் ஏறிய துணி மறுநாள் எங்காவது மெசின் துடைக்கிற கந்தலாக இருக்கும். மூட்டைக்குள் இருந்தது வெறும் துணியா? கறுப்பும் காவியும் வெள்ளையுமாக அந்தப் புதுப் போர்வையில் அவள் சேர்த்து வைத்திருந்த கட்டங்களுக்கு நிறம் தேடியே ஒரு மழைக்காலம் போயிருந்தது. வாழ்க்கையில் அடுப்புக்காக, புருசனுக்காக, மகனுக்காக என்று இல்லாமல் அவள் செய்த ஒரே காரியம் அது.

அன்று மத்தியானம் சங்கரபாண்டியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மும்தாஜ் ஒரு கிண்ணத்தில் ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள்.

“குடி கஸ்தூரி. எலும்புக்கு எலும்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இது ஊசிக்கும் மாத்திரைக்கும் போற பிடிப்பு இல்ல. இதுக்கு மிதிதான் வேணும்.”

“மிதியா?”

“காலாப் பெறந்தவுக மிதி. தலைக்குப் பதிலா காலு முந்தி வந்து பெறக்கிற பிள்ளைக இருக்கும்ல? அவுக இடது கால இடுப்புல வச்சு மூணு மிதி மிதிச்சா, எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுப் போயிரும். எங்க சின்னம்மாவுக்கு எம்.ரெட்டியபட்டியில இருந்து ஒரு ஆளக் கூட்டியாந்து மிதிக்க வச்சோம். மறுநாளே மாடிப்படி ஏறுனாக.”

சங்கரபாண்டியன் பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்தார். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“என் தங்கச்சி காலாப் பெறந்தவதான்.”

கஸ்தூரிக்குச் சூப் புரை ஏறியது. “யாரு, துணைமாலையா?”

“எனக்கு வேற எத்தனை தங்கச்சி இருக்கு?”

“கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க?”

“நீ கேட்டியா?” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மும்தாஜுக்கு ஒரே சந்தோஷம். “அப்புறம் என்ன? திருச்சுழி இந்தா இருக்கு. பஸ்ஸு ஏறுனா வந்து இறங்கிரலாம்.”

“அவ மிதிச்சுத்தான் எனக்குச் சரியாகணும்னா, நான் இப்படியே கிடந்து சாகுறேன்” என்றாள் கஸ்தூரி.

கஸ்தூரிக்கும் துணைமாலைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது மும்தாஜுக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

சில வருசங்களுக்கு முன்னால் துணைமாலையின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியது சங்கரபாண்டியன் வீடு. பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு, எல்லாம் குறைவில்லாமல் வாங்கினார்கள். கஸ்தூரிக்கு ஆசை. தன் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ராப்பகலாகத் தைத்து, தாமரை போட்ட ஒரு ஒட்டுப்போர்வையை முடித்தாள். அதை மடித்துச் சீர்த்தட்டில், பட்டுக்கு மேலே வைத்தாள். அவள் செய்த தப்பு அதுதான். மேளத்தோடு போய்த் தட்டை இறக்கினால், சபையில் ஒரு கிழவி குனிந்து பார்த்துவிட்டு, “ஒட்டுப் போட்ட துணியவா சீர்ல வைக்கிறாக?” என்று மோவாயில் கை வைத்தாள். அவ்வளவுதான். நல்ல காரியத்தில் கிழிசல் துணி என்று ஒரு பேச்சு பந்தலைச் சுற்றி வந்தது. துணைமாலை எல்லார் முன்னாலும் அந்தப் போர்வையைத் தட்டிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “எங்க அண்ணனுக்கு வக்கில்லாமப் போச்சுன்னு ஊருக்குக் காட்டத்தான் இத வச்சீகளா மதினி?” என்று கேட்டாள்.

கஸ்தூரி அன்று பந்தியில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு திருச்சுழிப் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வரை அவள் பிடிவாதமாகத்தான் இருந்தாள். வலியும் பிடிவாதமாக இருந்தது. கடை அடைத்து வந்த சங்கரபாண்டியன் பரணைத் திறந்து மூட்டையைக் கீழே இறக்கி, காலையில் எடுக்கத் தோதாக வாசல் கதவோரம் வைத்தார். கஸ்தூரி கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்தாள். முடிச்சுக்கு வெளியே ஒரு சிவப்பு முக்கோணம் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“என்னங்க.”

“ம்.”

“வரச் சொல்லுங்க.”

“யாரை?”

“யாரையா? ஒங்க அருமைத் தங்கச்சிய. மூணு மிதிதான? மிதிச்சுட்டுப் போகட்டும்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். “காலையில மொத பஸ்ஸுக்குப் போயிக் கூட்டியாரேன்” என்றார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. சங்கரபாண்டியன் தங்கையை வாசலில் விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், “கடையில லோடு வருது” என்று அப்படியே திரும்பிப் போனார். இப்படி ஓடுகிற மனிதரா அவர் என்று கஸ்தூரிக்கு ஆச்சரியமாக இருந்தது.

துணைமாலை உள்ளே வந்தாள். ஆள் கொஞ்சம் கனத்திருந்தாள். தலை நிறைய மல்லிகை. கையில் ஒரு பையில் திருச்சுழிச் சந்தைக் கத்தரிக்காய். கட்டிலுக்கு எட்டவே நின்றாள்.

“வாங்க” என்றாள் கஸ்தூரி, விட்டத்தைப் பார்த்து.

“வாரேன்” என்றாள் துணைமாலை, சுவரைப் பார்த்து.

நல்லவேளை, மும்தாஜ் அங்கே இருந்தாள். நடுவர் மாதிரி நின்று காரியத்தை ஆரம்பித்துவைத்தாள். “கஸ்தூரி, நீ நிலைக்கதவப் பிடிச்சுத் தெருவப் பாத்து நில்லு. துணைமாலை, நீ பின்னால நின்னு இடது கால இடுப்புல வையித்தா. மூணு மிதி. எனக்கு அடுப்புல பாலு கிடக்கு, நான் வாரேன்.” அவளும் போய்விட்டாள்.

கஸ்தூரி பாதி வளைந்தபடி நகர்ந்து போய் நிலையைப் பிடித்துக்கொண்டாள். துணைமாலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு இடுப்பில் ஏதோ பட்டது. பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

“என்ன அது?” என்றாள் கஸ்தூரி.

“ஒண்ணு.”

“தூசி தட்டுறியா? மிதிக்கச் சொன்னா.”

“பெரியவுக மேல கால வைக்கிறேன். கூச்சமா இருக்காதா?”

“சபையில கேக்கும்போது கூச்சம் எங்க போச்சு?”

பின்னால் சேலை சரசரத்தது.

“ரெண்டு!”

இந்த முறை பாதம் முழுதாக வந்து இறங்கியது. அத்தனை வருசத்து வட்டியோடு வந்து இறங்கியது. கஸ்தூரி, “ஐயோ, அம்மா!” என்று அலறிக்கொண்டு நாண் அறுந்த வில் மாதிரி நிமிர்ந்தாள். தெருவில் போன ஒரு கிழவர் சைக்கிளிலிருந்து இறங்கியே விட்டார்.

“கொலைகாரி! ஆள மிதிக்கச் சொன்னா கதவ ஒடைக்கிறியே!”

“நீங்கதான மதினி தூசி தட்டுறேன்னீக!”

“அதுக்கு? எருமை மாடு மாதிரியா?”

“மூணாவது இருக்கு. வேணுமா, வேண்டாமா?”

கஸ்தூரி ஏதோ சொல்லத் திரும்பினாள். திரும்பியபின்தான் தெரிந்தது, திரும்பிவிட்டாள் என்று. தலை மட்டும் இல்லை, உடம்பும் சேர்ந்து திரும்பியிருந்தது. நேராக நின்றிருந்தாள். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் உள்ளே எதையோ பிடித்துக்கொண்டிருந்த ஒரு கை விட்டுவிட்டது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று இன்றைக்கும் அவர்களுக்குள் தகராறு உண்டு. கஸ்தூரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துணைமாலை நிலைக்கதவில் சாய்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்புகிற இடத்தில், துணைமாலைதான் பேசினாள்.

“அன்னிக்கி என் மாமியா பக்கத்துல நின்னாக மதினி. கந்தல், கந்தல்னு நாலு பேரு பேசுறாக. நான் ஏதாவது சொல்லலைன்னா எங்க அண்ணன் பேரு கெட்டுப் போகும்னு... வாயில வந்ததக் கேட்டுட்டேன்.”

“எனக்கு மட்டும் புத்தி இருந்துச்சா? தனியா கையில குடுத்திருக்கணும். பட்டுக்கு மேல கொண்டுபோயி வச்சேன்.” கஸ்தூரி மெதுவாகக் கேட்டாள், “அத என்ன பண்ணுன? பாத்திரக்காரன்ட்டப் போட்டியா?”

“போங்க மதினி! டி.வி. வாங்குன அன்னிக்கே அதத்தான் எடுத்து மேல மூடுனேன். எங்க தெருவுல அத்தனை வீட்லயும் டி.வி.க்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் உறைதான். எங்க வீட்ல மட்டும் தாமரை. படம் பாக்க வாரவுக எல்லாம், எங்க வாங்குனதுன்னு கேக்குறாக.”

“நீ என்ன சொல்லுவ?”

“மதுரைன்னு சொல்லுவேன்” என்றாள் துணைமாலை கொஞ்சமும் வெட்கப்படாமல். “பேசாத மதினி பேர எப்படிச் சொல்றது?”

கஸ்தூரிக்கு மறுபடி சிரிப்பு வந்தது. கட்டிலில் உட்காரப் போனாள். உட்கார்ந்ததும் கயிறு தொட்டில் மாதிரி உள்வாங்கி, முழங்கால் மோவாய்க்கு வந்தது.

“நில்லுங்க, நில்லுங்க” என்றாள் துணைமாலை. “இதுலயா படுக்கிறீக?”

“ஒங்க அண்ணன்தான் ஓய்வெடுன்னு படுக்க வச்சாரு.”

துணைமாலை கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். அது பழைய பாவாடை நாடா மாதிரி வந்தது. “இதுல படுத்தா யானைக்கும் முதுகு வளையும். இரும்புக் கடை வச்சிருக்காரே தவிர வீட்டுக் கட்டிலு கயிறப் பாக்கத் தெரியல. சரி, தைக்கிறது எங்க வச்சு?”

“தரையிலதான்.”

“எங்க, காட்டுங்க.”

கஸ்தூரி மூட்டையை அவிழ்த்துப் போர்வையைத் தரையில் விரித்து, எப்படி முட்டி போட்டுக் குனிந்து, நடுப்பகுதிக்குப் போகப் போர்வையின் மேலேயே தவழ்ந்து போவாள் என்று பாதி செய்து காட்டினாள். துணைமாலை இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“நல்லாருக்கு. பகல்ல பிள்ளை மாதிரி தவழ்ந்து, ராத்திரி தொட்டில்ல படுத்தா இடுப்பு வேற என்ன செய்யும்? அருவாமனை எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“ஒங்களுக்கு இல்ல, கட்டிலுக்கு.”

தடுக்கிறதுக்குள் கயிறு அறுந்து விழுந்தது. வெறும் சட்டமும் நாலு காலும் மிச்சம். பின்கட்டிலிருந்து செங்கல் கொண்டுவந்து நாலு காலுக்கும் முட்டுக் கொடுத்து உயரமாக்கினாள். போர்வையின் நாலு விளிம்பையும் முரட்டு நூலால் சட்டத்தோடு வளைத்து வளைத்துக் கட்டினார்கள். கஸ்தூரி ஒரு பக்கம், துணைமாலை ஒரு பக்கம். இழுத்துக் கட்டி முடித்ததும், கரிசல் காட்டைக் கொண்டுவந்து கூடத்தில் மேசை போட்டது மாதிரி, கறுப்பும் காவியும் வெள்ளையுமாகப் போர்வை விறைத்து நின்றது. கஸ்தூரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் தரையில் பதிந்தது. முதுகு நேராக இருந்தது. போர்வையின் பாரம் மடியில் இல்லை. மேலே ஒரு கை, அடியில் ஒரு கை. ஊசி ‘டுப்’ என்று இறங்கி, அடியில் காத்திருந்த விரலுக்குச் சரியாக வந்தது.

நாலு தையல் போட்டாள். வலிக்கவில்லை. ஐந்தாவது தையலுக்குத்தான் நம்பினாள்.

“இவ்வளவு நாளும் இது தெரியாமலா தவழ்ந்தேன்?” என்றாள்.

“கயிறும் போச்சு, கவலையும் போச்சு. இனிமே பாய் விரிச்சுத் தரையில படுங்க. முதுகு தானா நேராகும்.”

அப்போது தெருமுனையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“பழைய துணிக்குப் பாத்திரம்...! பட்டுச் சேலை, பழைய சட்டைக்குப் பாத்திரம்...!”

கஸ்தூரியின் கை நின்றது. இடுப்பு நேராகிவிட்டது, பேசினபடி பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஊசியைப் போர்வையில் குத்திவைத்தாள். சைக்கிள் மணி வீட்டு வாசலில் வந்து நின்றது.

“அம்மா, ஏதாச்சும் துணி கிடக்கா? அடுக்குச் சட்டி வந்திருக்கு, நல்ல கனம்.”

அவள் எழுந்திருப்பதற்குள் துணைமாலை வாசலுக்குப் போய்விட்டாள்.

“இந்த வீட்ல கந்தலே கிடையாது. போய்யா!”

“கூடத்துல கட்டியிருக்கே, அந்த ஒட்டுத் துணி...”

“கண்ணப் பாரு! அது எங்க மதினி தச்சது. ஒன் சைக்கிளையும் சேத்துக் குடுத்தாலும் கிடைக்காது. கிளம்பு.”

மணிச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போய் மறைகிறவரை கஸ்தூரி மூச்சை வெளியே விடவில்லை. விட்டபோது, அது இத்தனை நாளும் நெஞ்சில் எங்கோ மடங்கிக் கிடந்த மூச்சு மாதிரி நீளமாக வந்தது. வீடு குளிர்ந்த மாதிரி இருந்தது. துணைமாலை உள்ளே வந்து எதிர் முக்காலியில் உட்கார்ந்து, “எனக்கும் ஒரு ஊசி குடுங்க” என்றாள்.

“தையல் கோணக் கூடாது.”

“கோணுனா நீங்க என்னை மிதிங்க.”

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வெள்ளைக் கட்டத்தின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது, மும்தாஜ் தலையில் முக்காடு நழுவ ஓடி வந்தாள். கஸ்தூரி நேராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“பாத்தியா, பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? ஏத்தா துணைமாலை, ஒன் காலு காலு இல்ல, மருந்து! கொஞ்சம் எங்க வீடு வரைக்கும் வாத்தா. அவுகளுக்குக் கடையில மெசின்ல இருந்து எந்திரிக்கும்போது இடுப்புப் பிடிச்சு, ரெண்டு பேரு தாங்கிக் கொண்டாந்து போட்டிருக்காக. ஜும்ஆத் தொழுகைக்குப் போகணும்னு துடிக்கிறாக. மூணே மிதி!”

துணைமாலையின் கையிலிருந்து ஊசி நழுவியது. “நானா? ரவூப் அண்ணனையா? ஆம்பளைய நான் எப்படிக்கா மிதிக்கிறது?”

“அதனால என்ன? பேரன் எடுத்த மனுசன், ஒனக்கு வாப்பா மாதிரி. வைத்தியத்துல ஆம்பளை பொம்பளை உண்டா?”

“போயிட்டு வாயேன்த்தா” என்றாள் கஸ்தூரியும். “எனக்கு விட்ட மாதிரி ரெண்டாவது மிதிய மட்டும் அவருக்கு விட்டுறாத. ஒன் கால்ல இருக்கிறது சும்மா சக்தி இல்ல.”

துணைமாலை மதினியைப் பார்த்தாள். மும்தாஜைப் பார்த்தாள். கட்டில் சட்டத்தைக் கொஞ்ச நேரம் நகத்தால் சுரண்டினாள். முகம் சிவந்துபோய், சிரிப்பையும் அடக்க முடியாமல், கடைசியில் போட்டு உடைத்தாள்.

“கடைக்கு ஆளனுப்பி எங்க அண்ணன வரச் சொல்லுங்கக்கா. காலாப் பெறந்தது நானில்ல, அண்ணன்தான். கட்டுன பொண்டாட்டி மேல காலு படக் கூடாது, ஒரே வயித்துல பெறந்த ஒன் காலே போதும்னுதான் என்னைக் கெஞ்சிக் கூட்டியாந்தாரு.”